ஆசான் பார்த்த இடம்

"ஆசானே, ஒண்ணு கேட்டா கோவிக்கப்பிடாது. ஆளு வலியில கத்தும்போது நீங்க ஏன் தரையைப் பாக்கீங்க?"

கேட்டவர் கோலப்பன். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எலும்பு வைத்தியம் படிக்க வந்தவர். ஆசான் தவசிமுத்து அவரைவிட வயதில் இளையவர்.

"பின்ன எங்க பாக்கணும்?"

"மூஞ்சியை. பொய்யெல்லாம் அங்கதான் இருக்கும்."

"போன வாரம் மூஞ்சியைப் பாத்துத்தானே ஓய் ஏமாந்தீரு?"

கோலப்பனுக்குச் சுருக்கென்றது.

போன வாரம் ஒருத்தன் முதுகு போச்சு என்று துடித்தான். ஆசான் வேண்டாமென்றும் கேளாமல், கோலப்பன் கண்ணீர்விட்டுத் தன் கட்டிலையே அவனுக்குக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் அந்தப் படுபாவி கோயில் மைதானத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தான். அத்தனையும் வேலைக்கு மட்டம் போடுவதற்கு. ஏமாந்தது ஒரு ஏட்டு! அன்றிலிருந்து கோலப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இனி எவன் அழுதாலும் நம்பமாட்டேன்," என்றார்.

ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தார். வாசலில் ஆள் வந்திருந்தது.

வந்தவன் சூசைமிக்கேல், மீன்படகில் வலை இழுப்பவன். கூடவே படகு முதலாளி.

"தோளைத் தூக்க முடியலேங்கான் ஆசானே. வீக்கம் உண்டா? ஒரு கீறல் உண்டா? வலி நெசம்னா குணமாகுறது வரைக்கும் இவன் இடத்தை வச்சிருப்பேன். பொய்யின்னா இன்னைக்கே வேற ஆளு."

"என் வீட்டுல சம்பாதிக்க நான் ஒருத்தன்தான் ஆசானே," என்றான் சூசைமிக்கேல்.

"எல்லாவனும் இதைத்தான் சொல்லுவான்," என்றார் கோலப்பன்.

அவனை முக்காலியில் உட்காரவைத்தார்கள். வழக்கம்போலக் கோலப்பன் பின்னால் நின்று அவனை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆசான் எதிரே தரையில், மணைப்பலகையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

சூசைமிக்கேல் அலறினான்.

கோலப்பன் கழுத்தை வளைத்து அவன் முகத்தை நோட்டம் விட்டார். கண்ணீர் வருகிறது. வந்தால்? அந்தக் கபடிக்காரனுக்கும்தான் வந்தது. பல்லைக் கடிக்கிறான். நடிக்கிறவன் கடிக்கமாட்டானா?

தன் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

ஆசான் தரையைப் பார்த்தபடியே இன்னொரு தடவை இழுத்தார். இன்னொரு அலறல்.

"என்ன ஓய், நெசமா?"

"நடிப்பு ஆசானே. எனக்கு ஒரு பொட்டு இரக்கம் வரல."

"அப்பம் சரி," என்று முதலாளி எழுந்தார். "நான் வேற ஆளு பாக்கேன்."

சூசைமிக்கேலின் முகம் செத்துப்போயிற்று.

"பொறும் முதலாளி," என்றார் ஆசான். பிறகு கோலப்பனிடம், "போன வாரம் அவன் கத்தினப்ப நீரு மூக்கைச் சிந்தி அழுதீரு. ஆனா உம்ம காலு, டீக்கடையில நிக்குற மாதிரி சும்மா நின்னுது. இப்ப அசையாம அப்படியே கீழ பாரும்."

கோலப்பன் பார்த்தார்.

அவருடைய பத்து விரல்களும் மண்தரையைக் கவ்விப் பிடித்திருந்தன. பெருவிரல் நகத்துக்குள் மண் ஏறியிருந்தது. விரல்கள் இன்னும் பிடியை விடவில்லை.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"கடைசியா என்னதான் சொல்லுதீங்க? பொய்யா, நெசமா?" முதலாளிக்குப் பொறுமை இல்லை.

ஆசான் கோலப்பனைப் பார்த்தார்.

"நெசம்," என்றார் கோலப்பன்.

"இப்பதானே ஓய் நடிப்புன்னீரு! அதுக்குள்ள உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கோலப்பன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக் காலை மூடிக்கொண்டார்.