அங்கப்ப ஆசாரி ஏறிய பொம்மை மாடிப்படி

கோணையூரில் மரத்துக்குப் பஞ்சமில்லை, மூளைக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் முதலில் அடிபட்டவன் அங்கப்ப ஆசாரி. தம்பி சடையப்பனும் மச்சான் பொன்னையாவும் அவனுக்குத் துணை. அதாவது, ஒருவன் தனியாகச் செய்து முடிக்க இயலாத தவறுகளுக்குக் கைகொடுப்பவர்கள்.

பண்ணையார் மனைவி கோமளம்மாளிடம் கொலுவில் வைக்கும் பொம்மை வீடு ஒன்று இருந்தது. மாடி உண்டு, படி இல்லை. அதை அங்கப்பனிடம் கொடுத்துச் சொன்னாள்:

"நிஜ வீட்டுக்குச் செய்யற மாதிரியே செய்யணும், அங்கப்பா. சாயங்காலம் விளக்கேத்தறதுக்குள்ள வந்துடணும். வேலை சுத்தமா இருந்தா எங்க புது பங்களா மரவேலை பூரா உனக்குத்தான். இல்லேன்னா கீழத்தெரு ஆசாரிக்கு."

பங்களா! அங்கப்பனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன.

நிஜ வீட்டில் ஏறப் போகிறவரின் காலைப் பார்த்துத்தான் படியின் உயரத்தை வைப்பார்கள். எனவே அவ்வீட்டில் குடியிருக்கும் மரப்பாச்சியை எடுத்து நிறுத்தி, "தாயே, முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்க" என்று பணிவோடு கேட்டுக்கொண்டான். மரப்பாச்சி மடக்கவில்லை.

"கோவமா இருக்குமோ, அண்ணே?" என்றான் சடையப்பன்.

"கோவமில்லடா, கூச்சம். பெரிய இடத்துப் பொம்பள. மூணு ஆம்பளைங்க முறைச்சுப் பாத்தா எப்படி மடக்கும்?"

மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். உச்சிவெயில் சாயும்வரை நின்றார்கள்.

கடைசியில் வேறு வழியின்றி, உத்தேசமாகவே தேக்கில் படி இழைத்து, வஜ்ஜிரப் பசையை அள்ளி அப்பி உள்ளே பொருத்தி, மேலே வார்னிஷும் பூசினார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், படி அழகாகவே வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவர்கள் கோணையூரில் ஏன் பிறக்கிறார்கள்?

"மச்சான், படி செஞ்ச ஆசாரி முதல்ல வலது காலை வச்சு ஏறிக் காட்டணும். அதுதானே நம்ம வழக்கம்?" என்றான் பொன்னையா.

"வாசல் சின்னதா இருக்கேப்பா."

"கூரையைக் கழட்டிடுவோம்."

"கூரை வழியா இறங்கினா திருடன்னு சொல்லமாட்டாங்களா?"

"பட்டப்பகல்ல எவன் திருடுவான்?"

அங்கப்பன் கூரையைக் கழற்றினான். வலது காலைக் கூரை வழியே உள்ளே இறக்கி, படிமேல் அழுத்தி நின்றான். தேக்கல்லவா, முனகக்கூட இல்லை. அவன் பெருமிதத்தோடு நின்ற நேரத்தில் படிமேல் வழிந்திருந்த பசை காய்ந்துவிட்டது. கால் வரவில்லை.

"வீட்டை உடைச்சுடலாமா?" என்றான் சடையப்பன்.

"உடைச்சா பங்களா போச்சு."

"அப்ப காலை?"

அங்கப்பன் ஒரு கணம் உண்மையாகவே யோசித்தான்.

விளக்கேற்றும் நேரம். வீட்டோடு சேர்த்து அங்கப்பனையும் பல்லக்குபோல் தூக்கிவந்து, கொலுவுக்கு முன் இறக்கினார்கள். கூடியிருந்த பெண்கள் சுண்டலை மென்றபடியே உறைந்துபோனார்கள்.

"என்னய்யா கூத்து இது? காலை எடு!" என்று கத்தினாள் கோமளம்மாள்.

"எப்படிம்மா எடுக்கறது?" என்றான் அங்கப்பன், நியாயம் முழுவதும் தன் பக்கமே என்ற நிதானத்தோடு. "ஏறறதுக்குத்தானே படி கேட்டீங்க? செஞ்சாச்சு. இறங்கறதுக்கு நீங்க தனியா சொல்லவே இல்லையே!"

பங்களா அந்த நொடியே கீழத்தெரு ஆசாரிக்குப் போயிற்று. திரும்பும் வழியில் டக் டக்கென்று வீட்டை ஊன்றி நடந்த அண்ணனைப் பார்த்துச் சடையப்பன் அழுதான்.

"அழாதேடா," என்றான் அங்கப்பன். "அந்தப் பய பங்களாவைக் கட்டத்தான் போறான். கால்ல மாட்டி நடந்து காட்டச் சொல்லு, பாப்போம்!"