நடுவில் நிற்கும் பெட்டி

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு அதைப்போல இரண்டு மடங்கு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று சிஷ்யை முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"வயசெல்லாம் வாசல்ல செருப்போட கிடக்கட்டும். இங்க நீங்க எனக்கு டீச்சர்" என்றாள்.

சிஷ்யையின் பெயர் செண்பகவல்லி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போர்டு முன்னால் உட்கார்ந்து, ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருக்கக் கை துறுதுறுத்ததால் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் இல்லத்துக்கு உதவிக்கு வந்து சேர்ந்தாள். அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவந்த பெண்கள் ஒளிந்து தங்கும் இடம் அது. வெளியில் பெயர்ப் பலகை கிடையாது. விலாசத்தை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. அங்கே எல்லாருக்கும் அவள் டெலிபோன் அம்மா.

குருவின் பெயர் மெஹ்ராஜ். இல்லத்தின் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் அவள் பொறுப்பு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள், அதிலும் ஒன்றை விழுங்கிவிடுவாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் போவதற்குள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டியைப் பார்த்துக்கொள்ள யாராவது கற்றாக வேண்டும். செண்பகவல்லி கையைத் தூக்கினாள்.

டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. ஒரே ஒரு பச்சை விளக்கு. இதற்கா இத்தனை பாடம் என்று செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது.

மெஹ்ராஜ் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். செண்பகவல்லி சொதி வைப்பது எப்படி என்று தேடித் திறந்தாள். அவளுக்கே தெரிந்த சமையல்தான், சோதனைக்கு அது போதும்.

பக்கத்திலிருந்த இன்னொரு திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, ஐந்தாறு, பிறகு எண்ண முடியவில்லை. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு கம்பெனியின் வாசல். தேங்காய்ப்பால் படம் திரையில் வருவதற்குள் அந்த வாசல்களை எல்லாம் தட்டியாகிவிட்டது. இந்த வீட்டில் இந்த நேரத்தில் ஒருத்தி சொதியைப் பார்க்கிறாள் என்று முகம் தெரியாத அத்தனை பேருக்கும் சேதி போய்விட்டது.

செண்பகவல்லி நாற்காலியைத் திரையை விட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "சொதிக்கா இத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"சொதின்னா பரவாயில்ல" என்றாள் மெஹ்ராஜ்.

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டுப் பெண்கள் தேடுவது சொதியை அல்ல. வக்கீலைத் தேடுவார்கள், எலும்பு டாக்டரைத் தேடுவார்கள். தேடியது எங்கெங்கோ கைமாறி, எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது வரை போய்ச் சேரும்.

மெஹ்ராஜ் அதுவரை நிறுத்தி வைத்திருந்த பெட்டியின் தடுப்பை இயக்கிவிட்டு, அதே பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னாள். இப்போது நாலைந்து வரிதான் ஓடியது. திரையில் சொதி மட்டும் இருந்தது. விளம்பரம் இருந்த இடமெல்லாம் பொக்கையாகக் கிடந்தது. வீட்டுப் போன்கள் எதுவும் நேராக வெளியே போவதில்லை, பெட்டியிடம் சொல்கின்றன. பெட்டி போய் வேண்டியதை மட்டும் வாங்கி வருகிறது. கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. யார் அனுப்பியது, எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. செண்பகவல்லி அந்தப் பச்சை விளக்கைக் கோயில் விளக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அதை டிபன் டப்பா என்று நினைக்கவில்லை.

பாடம் நடந்தது. யாரை நிறுத்துவது என்று ஒரு கோப்பு, யாரை விடுவது என்று ஒரு கோப்பு. கண்ணை மூடிக்கொண்டு அடைத்தால் ஆஸ்பத்திரிப் பக்கமும் சேர்ந்து அடைபடும். ஒரு தடவை செண்பகவல்லி அப்படித்தான் பாதி ஊரையே அடைத்துவிட்டு, மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். மெஹ்ராஜ் திட்டவும் இல்லை, உதவவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள்.

வரிகள் ஓடுவதைப் பார்த்தால்தான் எதை அடைப்பது என்று தெரியும். அதற்காக மெஹ்ராஜ் அமைப்புக் கோப்பில் ஒரு வரியின் முன்னாலிருந்த ஹேஷ் குறியை எடுத்திருந்தாள். இரண்டு நெடுக்குக் கோடு, இரண்டு குறுக்குக் கோடு, அவ்வளவுதான் ஹேஷ். அது முன்னால் இருந்தால் பெட்டி அந்த வரியைப் படிக்காது. எடுத்துவிட்டால் எந்தப் போன் எந்த வாசலுக்குப் போனது என்று பெட்டி எழுதி வைக்க ஆரம்பிக்கும். வாசலின் பெயர் மட்டும்தான் தெரியும், உள்ளே நடந்த பேச்சு தெரியாது.

"கத்துக்கிடுற வரைக்கும்தான் இது. முடிஞ்சதும் ஹேஷைப் பழையபடி வச்சிருங்க" என்றாள்.

பாடம் முடிந்தது. செண்பகவல்லி ஹேஷை வைக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். கற்க இன்னும் பாக்கி இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் காபியோடு வந்து வரிகளைப் பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் இசக்கியம்மாள் வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. இதற்கு முன் அவள் ஒளிந்திருந்த தோழியின் வீட்டைப் புருஷன் அவள் போனை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். அதனால் இல்லத்தில் புதுப் போன் வாங்கிக் கொடுத்தும் அதை ஆன் செய்யப் பயந்து கையிலேயே வைத்திருந்தாள்.

"நான் இதுல என்ன பாக்கேன்னு யாராவது பாப்பாங்களாம்மா?" என்று செண்பகவல்லியைக் கேட்டாள்.

"ஒரு பயலும் பாக்க முடியாது. அதுக்குத்தான் பெட்டி இருக்கு" என்றாள் செண்பகவல்லி. அவள் மனதில் வெளியே இருக்கிறவர்கள்தான் இருந்தார்கள். இசக்கி அன்று சாயங்காலம் போனை ஆன் செய்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் காபி டம்ளரோடு வந்து பார்த்தபோது, இசக்கியின் போன் பஸ் டிக்கெட் போடும் தளத்துக்குப் போயிருந்தது. மறுநாளும் போயிருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் இரண்டு தடவை, மத்தியானம் ஒரு தடவை. செண்பகவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள். திரும்பிப் போகப் போகிறாள். போனால் புருஷன் இந்தத் தடவை கையை உடைப்பதோடு விடமாட்டான்.

மெஹ்ராஜ் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வயர்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"டீச்சர், நம்ம வீட்டுல ஒரு பிள்ள..."

மெஹ்ராஜ் கையைத் தூக்கினாள். "பேர் சொல்லாதீங்க."

"உசுரு போற காரியம்."

"அப்ப அவங்ககிட்ட போங்க. எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது. என்ன பெண் இவள், நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்தாள். பஸ் தளத்தை மட்டும் அடைத்துவிடலாம், ஒரே ஒரு வரி எழுதினால் போதும், ஏதோ இணையக் கோளாறு என்று அவள் நினைத்துக்கொள்வாள் என்று படபடவென்று சொல்லிமுடித்தாள்.

"அவ நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றாள்.

மெஹ்ராஜ் வயரைக் கீழே வைத்தாள். பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

"செண்பகம்மா, எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பேருக்கு லைன் போட்டுக் கொடுத்ததும் என்ன செய்வீங்க?"

"கீயைத் தள்ளி விட்டுருவேன்."

"தள்ளலன்னா?"

"அவங்க பேசுறது என் காதுல விழும்."

"தள்ளிருவீங்களா?"

"பின்ன? லைன் போட உக்காந்தவ ஒட்டுக்கேட்டுக்கிட்டு..."

எத்தனையோ வருஷம் அவள் கை தானாகத் தள்ளிய கீ அது. சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் கள்ளக் காதலும் அந்தக் கம்பி வழியாகப் போயின. ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை.

எழுந்து மாடிப்படிக்குக் கீழே போனாள். மெஹ்ராஜும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் வந்தாள். செண்பகவல்லி அந்த வரியைத் தேடி அதன் முன்னால் ஹேஷை வைத்தாள். இதுவரை எழுதி வைத்திருந்ததையும் அழித்தாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றுபோயின. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

"இவ்வளவுதானா? நாளைக்கே நான் ஹேஷை எடுத்துரலாமே" என்றாள்.

"எடுக்கலாம்" என்றாள் மெஹ்ராஜ்.

மத்தியானம் இசக்கி கொல்லைப்பக்கம் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் ஒரு பிடி எடுத்து உரித்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"ஒரு பயலும் பாக்க முடியாதுன்னு உங்கிட்ட சொன்னேன். நான் பாத்தேன் இசக்கி. கொஞ்ச நாளா உன் போன் எங்கெங்க போகுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

இசக்கி உரிப்பதை நிறுத்தினாள். எழுந்து போய்விடுவாள் என்று செண்பகவல்லி நினைத்தாள். இன்றைக்கே மூட்டையைக் கட்டினாலும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"அவரும் டெய்லி போனை வாங்கிப் பாப்பாரு" என்றாள் இசக்கி. "உன் நல்லதுக்குத்தான்னு சொல்லுவாரு."

செண்பகவல்லியின் கண் எரிந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட வழி இருந்தது, அவள் போடவில்லை. அப்படியே அழுதாள்.

"இப்பவும் பாக்கீங்களா?"

"இல்ல. இன்னைக்கு அடைச்சுட்டேன். பெட்டி எழுதாது. நானும் பாக்க மாட்டேன்."

இசக்கி அவள் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வெங்காயத்தை எடுத்து நகத்தால் கீறினாள். இருவரும் உரித்தார்கள். முறம் பாதி நிறைந்த பிறகு அவளாகவே சொன்னாள். மகள் இசக்கியின் மாமியாரிடம் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, பிள்ளை டான்ஸ் ஆடுகிறாள். காம்பவுண்டுக்கு வெளியே நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாமா என்று பஸ்ஸைப் பார்ப்பாள், பயந்து மூடிவிடுவாள், மறுபடி பார்ப்பாள். யாரிடமும் சொல்லத் தைரியமில்லை.

போகாதே என்று சொல்ல செண்பகவல்லிக்கு நாக்கு நுனி வரை வந்தது.

"எந்த பஸ்ஸுன்னு சொல்லு. நானும் வாரேன்" என்றாள்.

போக வேண்டியிருக்கவில்லை. ஒருத்தியிடம் சொன்ன பிறகு இன்னொருத்தியிடம் சொல்ல இசக்கிக்குத் தைரியம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே இல்லத்து வார்டனிடம் தானாகப் போய்ச் சொன்னாள். வார்டன் குழந்தைகள் நலக் குழுவில் பேசினாள். அவர்கள் போலீஸை அனுப்பி, விழா முடிந்ததும் பிள்ளையை அங்கிருந்தே திருநெல்வேலியில் உள்ள அலுவலகத்துக்குக் கூட்டி வரச் செய்தார்கள். பாவாடை தாவணியும் கலைந்த மையுமாகப் பிள்ளை வந்து நின்றது. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, மேஜையை நகர்த்தி வைத்த இடத்தில், அம்மாவுக்காக மறுபடி ஒரு தடவை முழுசாக ஆடிக் காட்டியது. பாட்டையும் அதுவே பாடியது. இசக்கி பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி சுவரோரம் நின்றாள். ஒரு வரி எழுதி அடைக்கப் பார்த்தது இதைத்தான் என்று நினைத்தாள்.

மெஹ்ராஜ் பிரசவத்துக்குக் கிளம்பும் நாள் வந்தது. செண்பகவல்லியின் முகத்தில் ஏதோ மாறியிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். என்ன நடந்தது, யார் அந்தப் பிள்ளை என்று அவள் கேட்கவே இல்லை. பெட்டியின் முழுப் பொறுப்புக்கும் உரிய கடவுச்சொல்லைச் செண்பகவல்லியிடம் சொன்னாள். பிறகு பெட்டியின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

செண்பகவல்லி அவளையே பார்த்தாள். எத்தனை பெண்கள் இந்த வீட்டுக்கு வந்து போயிருப்பார்கள். அவர்களுடைய பயம், ஆசை, ரகசியம் எல்லாம் இந்தப் பெண்ணின் விரலுக்கு அடியில் ஓடியிருக்கிறது. இவளுக்கு ஒன்றுமே தெரியாது. மலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது போல இருந்தது அவளுக்கு. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு நாள்கூட உங்களுக்குப் பாக்கணும்னு தோணலையா டீச்சர்?"

மெஹ்ராஜ் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"தினமும் தோணும்" என்றாள். "அதான் பெட்டி வந்த அன்னைக்கு மொதல் வேலையா அந்த ஹேஷைப் போட்டேன். மத்த விதியெல்லாம் வெளிய நிக்கிறவனுக்கு. அது எனக்கு."