நண்டு சொன்ன பிறை

காலை நீட்டிப் படு, பவளம். அத்தை வெள்ளன எந்திரிக்கணும். அதனால ஒரே ஒரு கதைதான். நீ "ம்" கொட்டணும். கொட்டலன்னா அந்த எடத்துலயே நிறுத்திப்புட்டு நானும் தூங்கிருவேன். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு சுரைக்கொடி இருந்துச்சு. ராசா எங்கன்னு கேக்காத, அந்த ஊர்ல ராசா கெடையாது. கடக்கரை ஊரு. கடலுக்குப் போற ஆளுக, காஞ்ச சுரைக்குடுக்கையிலதான் குடிதண்ணி கொண்டு போவாங்க. குடுக்கை இல்லன்னா கடலுக்குப் போக முடியாது. அப்போ ஒரு வருசம் மழையே பெய்யல. ஊர்ல இருந்த கொடி பூராவும் கருகிப் போச்சு. முத்துராக்குன்னு ஒரு பொம்பளை, பாத்திரம் கழுவுன தண்ணிய ஊத்தி ஊத்தி ஒரே ஒரு கொடியக் காப்பாத்தி வச்சிருந்தா. அதுல ஒரே ஒரு காய். அதுக்குள்ள ஒரு கை விதை. ஊருக்கே அதான் விதை.

அப்புறம் அடுத்த வருசம் மழை வந்துச்சு பாரு, சோ... சோ...ன்னு. வானமே தெரியல. அந்த ஊர்ல ஒரு கட்டு உண்டு. யாராச்சும் மேக்க பிறையக் கண்ணால பாத்தாத்தான் விதை போடணும். வளர்பிறையில போட்டா கொடி மேல ஏறும், தேய்பிறையில போட்டா தரையிலயே சுருண்டுக்கும்னு அவுக நம்பிக்கை. மேகம் மூடிக் கெடந்தா பிறைய எங்க பாக்குறது?

நாளை எண்ணலாம்ல அத்தை?

கேட்டுட்டியா? எண்ணலாந்தான். அந்த ஊருத் தலைவரு அம்பலக்காரர் தெனம் கயித்துல ஒரு முடிச்சுப் போட்டு எண்ணிக்கிட்டுத்தான் இருந்தாரு. மழையில நனைஞ்சு காய்ச்சல்ல படுத்துட்டாரு. எந்திரிச்சப்போ எத்தனை முடிச்சு விட்டுப்போச்சுன்னு அவருக்கே தெரியல. தெரியலன்னு சொல்ல வாய் வருமா? "பிறையப் பாக்காம ஒரு விதை மண்ணுல விழக்கூடாது"ன்னு முறைச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

ம்.

அப்போ முத்துராக்கு புருசன், நம்புன்னு பேரு, ஒரு காரியம் பண்ணினான். அந்தி நேரத்துல மேகத்துக்கு நடுவுல வெள்ளையா வளைஞ்சு ஒண்ணு தெரிஞ்சுது. பிறைதான்னு வீட்டுக்கு ஓடியாந்து, அம்புட்டு விதையவும் தூக்கித் தண்ணியில ஊறப் போட்டுட்டான். மறுபடி வந்து பாத்தா அந்தப் பிறை றெக்கைய அடிச்சுக்கிட்டுப் பறந்து போவுது. கொக்கு.

சிரிக்காத. முத்துராக்கு சிரிக்கல. ஊறுன விதைய மறுபடி காய வைக்க முடியாது. துணியில கட்டி வச்சா, ஒவ்வொண்ணுலயும் வெள்ளையா முளை எட்டிப் பாக்குது. ரெண்டொரு நாள்ல மண்ணுக்குப் போகணும், இல்லன்னா அழுகிப் போகும். "கொக்குக்கும் பிறைக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனக் கட்டிக்கிட்டேனே"ன்னு ரெண்டு வார்த்தை திட்டினா. அப்புறம் முக்காட்டைப் போட்டுக்கிட்டு மழையில எறங்கினா.

மொதல்ல கெணத்தடியில தவளை. "தவளை, தவளை, இது வளர்பிறையா, தேய்பிறையா?"

"கொர்ர்... கொர்ர்... மழை பெய்யுதுல்ல, அது போதும் எனக்கு"ன்னுச்சு. அதுக்கு நாளும் தெரியாது, கெழமையும் தெரியாது.

அப்புறம் கடல்கிட்டப் போனா. கடல் கரை ஏறி, வள்ளம் கட்டுற மரத்தை நக்கிக்கிட்டு இருந்துச்சு. "இம்புட்டு ஏறியிருக்கியே, அமாவாசையா, பௌர்ணமியா?"

"உஸ்ஸ்ஸ்... நிலா நெறைஞ்சாலும் ஏறுவேன், நிலா மறைஞ்சாலும் ஏறுவேன். ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னு எனக்குத் தெரியாது."

பாதி விசயம் கெடைச்சுப் போச்சு. மீதிப் பாதி? தூங்கிட்டியா?

ம். இல்ல.

அப்போ கழிமுகத்துச் சேத்துல வளைக்குள்ளேருந்து ஒரு நண்டு சரக் சரக்குன்னு வெளிய வந்துச்சு. முத்துராக்கு அதையும் கேட்டா.

நண்டு சொல்லுச்சு: "நிலா வெளிச்சமா இருந்தா நாரை என்னையப் பாத்துரும். அதனால எரை எடுக்க வெளிய வரமாட்டேன், மெலிஞ்சு போவேன். இருட்டுக் காலத்துல நல்லாத் தின்னு கொழுத்துருவேன். என்னைய அமுக்கிப் பாரு. ஓட்டை மட்டும் ஒடைச்சுப்புடாத."

கொடுக்குல மாட்டாமப் பின்னாடி பிடிச்சுத் தூக்கினா. கல்லு மாதிரி கனம். பெருவெரலால அமுக்கினா. டக்குன்னு நின்னுச்சு, உள்ள அமுங்கவே இல்ல. உள்ளாற பூராவும் சதை. கடல் ஏறியிருக்கு, நண்டும் கொழுத்திருக்கு. அப்போ இன்னைக்கு அமாவாசை. அமாவாசையில மண்ணை வெட்டக்கூடாது. விடிஞ்சா வளர்பிறை.

போயி அம்பலக்காரர்கிட்டச் சொன்னா. "பிறையக் காட்டச் சொன்னா நண்டைக் காட்டுறியே? நீ போடுற விதை கொடியா ஏறலன்னா, இந்த ஊருக் கெணத்துல நீ கொடம் விடக்கூடாது"ன்னுட்டாரு.

முத்துராக்கு போடப் போறது அவ விதை மட்டுமா? ஊரு விதை. போகட்டும், பாத்துக்கிட்டே அழுக விடுறதுக்குப் பதிலா மண்ணுலயாச்சும் கெடக்கட்டும்னு, விடிஞ்சதும் குழிக்கு ரெண்டா ஊனிட்டா. யாரும் அவகூடப் பேசல. நம்பு மட்டும் வேலி கட்டிக் குடுத்தான். கொக்குப் பாவத்தைக் கழிக்கணும்ல.

ம்...

அப்புறம் ஏழெட்டு நா கழிச்சு ஒரு சாயங்காலம், பொழுது விழுற நேரம், மேகம் படார்னு வெலகுச்சு. எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. பாதி நிலா, வெள்ளை வெளேர்னு நிக்குது. தேய்பிறையா இருந்தா பாதி நிலா நடுராத்திரியிலதான் ஏறும், அந்தியில ஏது? அம்பலக்காரரும் பாத்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

கொடி சரசரன்னு ஏறிக் கூரையப் பிடிச்சுது. காய் குண்டு குண்டாத் தொங்குச்சு. முத்துராக்கு வீட்டுக்கு வீடு விதை குடுத்தா, அம்பலக்காரர் வீட்டுக்கும் குடுத்தா. வள்ளமெல்லாம் மறுபடி கடலுக்குப் போச்சு.

அடுத்த வருசமும் மழை, வானம் மூடிக்கிச்சு. முத்துராக்கு வாசல்ல யாரோ இருமுறாங்க. பாத்தா, அம்பலக்காரர். கையில தென்னங்கயித்துல கட்டுன ஒரு நண்டு.

"எனக்கு அமுக்கிப் பாக்கத் தெரியல, தாயி. நீ பாத்துச் சொல்லு."

முத்துராக்கு வாங்கி அமுக்கினா. பொசுக்குனு உள்ள போச்சு. "மெலிஞ்சு கெடக்கு, ஐயா. இப்ப வேணாம், பொறுத்துக்கிடச் சொல்லுங்க."

"சொல்லிடுறேன்"னு அவரு நண்டோட வீட்டுக்குக் கெளம்பினாரு.

"எங்க கொண்டு போறீக? அவுத்து விடுங்க. அடுத்த தடவை நமக்கு யாரு சொல்லுவா?"

அம்பலக்காரர் அங்கனயே குனிஞ்சு முடிச்சை அவுத்தாரு. அது சரக் சரக்குன்னு சேத்தைப் பாத்து ஓடிருச்சு.

பவளம்? ம் காணோம். சரி. நண்டு வளைக்குள்ள போச்சு, கதை பாய்க்குள்ள போச்சு, நீ தூங்கு.