கடைசி வரிசை

விமானம் சென்னையில் தரையைத் தொட்டதும் வைத்தியலிங்கம் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டார்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரையில் மனைவி இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள் வில்லிவாக்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆசிரமத்துக்குப் போனவர் அதன் பிறகு அந்தப் பூட்டைத் திறக்கவில்லை. குரு எங்கே போனாலும் கூடவே போனார். இப்போது போபாலில் ஒரு கூட்டம் முடிந்து இருவரும் திரும்புகிறார்கள்.

குரு பரஞ்சோதிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. நடைபாதையை ஒட்டிய இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

இடுப்பு வார் விளக்கு அணையும் முன்பே பலர் எழுந்துவிட்டார்கள்.

"எல்லாரும் உட்காருங்க. முன்வரிசை முதல்ல இறங்கட்டும்" என்றது ஒலிபெருக்கி.

யாரும் உட்காரவில்லை.

"ஏன் சார் முதுகுல முட்டறீங்க?"

"பெட்டியை எடுக்கணும்."

"என் தலைமேல நின்னுதான் எடுக்கணுமா?"

சுற்றிலும் கைப்பேசிகள் உயிர்பெற்றன. இறங்கிட்டேன், வண்டி வந்துடுச்சா, தோசைக்கு மாவு இருக்கா. வைத்தியலிங்கமும் பழக்கத்தில் ஒரு எண்ணை அழுத்தினார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

பிறகு எழுந்தார். நிமிர முடியவில்லை. தலைக்கு மேல் சாமான் பெட்டி. குரு கால்களை நகர்த்தவில்லை.

"சாமி, கிளாம்பாக்கத்துல கடைசி போளூர் பஸ் ஏழு மணிக்கு. அதை விட்டா இன்னைக்கு ஆசிரமம் போக முடியாது."

"தெரியும்."

"இப்பவே மணி ஆறு ஆகப்போகுது."

"உட்காருங்க. கழுத்து வலிக்கும்."

வைத்தியலிங்கம் உட்கார்ந்தார்.

"எப்பவும் நாம ஏன் சாமி கடைசியா இறங்கறோம்?"

குரு கண்ணைத் திறந்து அந்தப்பக்கம் பார்த்தார்.

நடைபாதைக்கு அந்தப்பக்கம், இடது காலில் மாவுக்கட்டோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் செபஸ்தியான். போபாலில் மெட்ரோ ரயில் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவன். வைத்தியலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"இது டவுன் பஸ் இல்ல சார், ஓடும்போதே குதிக்க."

வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை.

கதவு திறந்தது. வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைத் தாண்டிப் போனார்கள். குரு எல்லாருக்கும் வழிவிட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி ஆளும் போனான்.

"இப்ப போகலாமா, சாமி?"

குரு செபஸ்தியானைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"வீல்சேர் வரணும் சார். எங்களை எல்லாருக்கும் அப்புறம்தான் இறக்குவாங்க. நீங்க கிளம்புங்க." பிறகு மெல்லச் சொன்னான்: "எல்லாரும் போனதும் ஏசியை நிறுத்திருவாங்க. அப்ப மட்டும் ஒரு மாதிரி இருக்கும்."

விமானப் பணிப்பெண் வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இவர்கூட வந்தவங்களா? இல்லன்னா இறங்கிடணும் சார்."

குரு வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்.

வைத்தியலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார். செபஸ்தியான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆமாம்மா" என்றார் வைத்தியலிங்கம். "கூட வந்தவங்கதான்."

அவள் போனாள். ஏசி நின்றது. அவ்வளவு நேரம் அது இரைந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. துப்புரவுக்காரர்கள் ஏறி, இருக்கைகளில் கிடந்த வார்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்கள். சன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துவந்தது.

"வீட்ல யாரு சார் காத்திருக்காங்க?" என்று கேட்டான் செபஸ்தியான்.

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் அவ்வளவு அவசரமா எழுந்தீங்க?"

வைத்தியலிங்கம் தன் இருக்கை வாரையும் மடித்து வைத்தார்.

சக்கர நாற்காலி மெதுவாகத்தான் வந்தது. வெளியே காத்திருந்த அவன் தம்பியிடம் செபஸ்தியானை ஒப்படைத்துவிட்டு இருவரும் சாலையோரம் வந்து நின்றபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பஸ் போயிருக்கும், சாமி."

"போயிருக்கும்."

"நீங்க நினைச்சிருந்தா பிடிச்சிருக்கலாம்."

"நீங்க நினைச்சிருந்தாலும்."

ஒரு டாக்சி வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"எங்க சார் போகணும்?"

வைத்தியலிங்கம் பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். குரு அவசரப்படுத்தவில்லை. பின்னால் வந்த வண்டி ஒலி எழுப்பியது.

"வில்லிவாக்கம்" என்றார் வைத்தியலிங்கம்.

குரு முதலில் ஏறி உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

"எனக்குப் படுக்க உங்க வீட்ல இன்னொரு பாய் இருக்குமில்ல?"

"இருக்கு சாமி" என்றார் வைத்தியலிங்கம். "என் வீட்டுக்காரியோடது."