கழுத்துவலிக்கு முட்டுக்கொடுத்த விண்ணப்பம்

அநியாயம் இழைக்கப்பட்டவள் பெயர் எப்சிபா. விடுதியில் என் அறைத்தோழி. இழைக்கப்பட்ட அநியாயம் இது: பட்டச் சான்றிதழ் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பத்தை எங்கள் பல்கலைக்கழகச் சான்றிதழ் பிரிவில் மரியாதையாக வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, கோப்பில் கட்டி, ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். தொலைக்கவில்லை. மறக்கவும் இல்லை. எங்கே என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டினார்கள். எடுத்துத் தரத்தான் முடியாது என்றார்கள்.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இதில் எனக்குப் பெரிய கஷ்டம், அந்தப் பிரிவில் இருக்கும் நாலு பேரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டு ஒரே நாளில் முடித்திருப்பேன். "வெயில்ல வந்திருக்கியளே, தண்ணி குடிக்கியளா" என்று கேட்டுவிட்டு அப்புறம் முடியாது என்று சொல்கிறவர்களை என்ன செய்வது?

கண்காணிப்பாளர் சங்கரநயினார், நெட்டையான எழுத்தர் தவசிமுத்து, தட்டச்சு பார்க்கும் இசக்கியம்மாள், ஜன்னலில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்கும் பீர்முகமது. நாலு பேருக்கும் கழுத்துவலி. பத்துப் பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரைக் குனிந்தே பார்த்ததில், பிடரியில் கிளம்பிய வலி தோள்பட்டைக்கு இறங்கி அங்கேயே குடியிருந்தது. பூசாத தைலம் இல்லை. அந்த அறைக்குள் நுழைந்தால் கண் எரியும்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை வளாகத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா வந்திருந்தார். நல்ல டாக்டர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் வாதாடத் தயார். திரை கண் உயரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் இருக்கிற எதையாவது அடியில் வைத்து உயர்த்துங்கள் என்றார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். குனிந்து எழுதாதீர்கள். தோளைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்புவதென்றால் கழுத்தை மட்டும் வெடுக்கென்று திருப்பாமல் உடம்போடு திரும்புங்கள். அவ்வளவுதான். இசக்கியம்மாள் அத்தனையையும் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். ஒட்டின உயரமும் கண் உயரம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது.

"கண்ணு எந்த உயரத்துல இருக்கு?" என்று கேட்டார் சங்கரநயினார்.

யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் சுவரோரம் நிற்க வைத்து, டேப் பிடித்து அளந்தார்கள். தவசிமுத்துவின் கண் அஞ்சடி மூணு அங்குலத்தில் இருந்தது. அந்த உயரத்துக்குத் திரையைத் தூக்க, பக்கத்தில் இருந்த எதையாவது தேடினார்கள். பக்கத்தில் இருந்தவை முடியாத கோப்புகள். முடிந்த கோப்பு அன்றைக்கே பதிவறைக்குப் போய்விடும். மேஜையில் இருப்பதெல்லாம் இன்னும் பார்க்க வேண்டியவைதான். அடுக்கினார்கள். திரை சன்னிதி விளக்கு மாதிரி உயரத்தில் போய் நின்றது.

பிறகு உட்கார்ந்தார்கள். திரை தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது.

"காலையில அளந்தப்போ சரியாத்தானே இருந்துச்சு?" என்றார் தவசிமுத்து.

"உக்காந்ததும் கண்ணு கீழே இறங்கிட்டு சார்," என்றார் இசக்கியம்மாள்.

"ஏன் இறங்குது?"

நாலு பேரும் யோசித்தார்கள். கண் இறங்குவதைத் தடுக்க முடியாது, ஆளை ஏற்றலாம் என்று முடிவானது. நாற்காலி மேலேயும் கோப்புகளை அடுக்கி ஏறி உட்கார்ந்தார்கள். கால் அந்தரத்தில் தொங்கியது. தொங்கவிட்டால் இடுப்பு வலிக்கும் என்று பீர்முகமது சொல்ல, காலுக்கு அடியிலும் அடுக்கினார்கள். மத்தியானத்துக்குள் அந்த அறையில் கோப்பு இல்லாத ஒரே இடம் பதிவறைக்குப் போகும் தட்டு.

எப்சிபாவின் கோப்பு தவசிமுத்துவின் திரைக்கு அடியில், கீழேயிருந்து நாலாவது.

திங்கட்கிழமை நாங்கள் போனபோது இதெல்லாம் முடிந்திருந்தது. நாலு பேரும் உத்தரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களை அன்பாகப் பார்த்தார்கள்.

"அதை உருவினா திரை ஒரு விரக்கடை இறங்கிரும்மா," என்றார் தவசிமுத்து. "இறங்கினா நான் குனியணும்."

"அப்போ வேறு யாருடைய விண்ணப்பத்தையும் எடுக்க மாட்டீர்களா?"

"எப்படி எடுக்க? ஒரு சான்றிதழ் குடுத்தா ஒரு விரக்கடை. ஒரு நாளைக்கு இருபது குடுத்தோம்னு வையிங்க, சாயங்காலம் தலை மேஜையில இடிக்கும். டாக்டர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் நிறுத்தி வச்சிருக்கோம்."

"சரி சார், வலியாவது குறைந்திருக்கிறதா?"

தவசிமுத்து கழுத்தை அசைக்காமல் சொன்னார்: "அது தெரியணும்னா கழுத்தைத் திருப்பிப் பாக்கணும். டாக்டரம்மா திருப்பக் கூடாதுன்னுட்டாங்களே."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "ஏட்டி, பேசாம வா," என்று எப்சிபா என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை, முறைப்படி ஜன்னலில் நின்று எழுதிக் கேட்போம் என்று வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர். அரை மணி மணியடித்தது. இதற்கென்று இசக்கியம்மாள் ஒரு மேஜை மணி வாங்கி வைத்திருந்தார். நடக்க வேண்டும். அறைக்குள் நடக்க இடமில்லை, எல்லாம் கோப்பு. ஆகவே பீர்முகமது ஜன்னலை விட்டு எழுந்து வெளித் தாழ்வாரத்துக்கு வந்தார். தாழ்வாரத்தில் எங்கள் வரிசை. வரிசைக்குள் புகுந்து போக அவர் மனசு ஒப்பவில்லை. கடைசியில் போய், எங்களுக்குப் பின்னால் நின்றார்.

இருபது நிமிஷம் வரிசை நகரவில்லை.

"என்னம்மா, முன்னால அசையவே மாட்டேங்குது?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"ஜன்னலில் ஆள் இல்லை சார்," என்றாள் எப்சிபா.

"பாத்தியளா, பொறுப்பே இல்லை. எங்கதான் போவாங்களோ."

"நடக்கப் போயிருப்பாங்க சார்."

"நடக்கட்டும், உடம்புக்கு நல்லது. ஆனா ஒரு ஆளை உக்கார வச்சுட்டுப் போணும்லா."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்த ஜன்னலில் உட்கார வேண்டியவரே நீங்கள்தான்."

அவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "ஆமா. ஆனா எனக்கு முன்னால பத்துப் பேரு நிக்கியளே. நான் அங்க வேலை பாக்கேங்கிறதுக்காக முந்திப் போனா அது நியாயமா?"

நாங்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். அவர் சம்மதிக்கவில்லை. ஒருவர் மட்டும் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்ப, வரிசை ஒரு அடி நகர்ந்தது. பீர்முகமதுவும் ஒரு அடி நகர்ந்து, "பாத்தியளா, பொறுமையா இருந்தா நகரும்," என்றார். இப்படியே ஆட்கள் சலித்துக் கழன்று, கடைசியில் நாங்களும் விலகி நிற்க, அவர் முறைப்படி ஜன்னலுக்கு வந்து சேர்ந்து, சுற்றிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மணியடித்தது. எழுந்துவிட்டார்.

புதன்கிழமை எப்சிபா கல்லூரிக்குப் போன் போட்டாள். சில நாள் தவணை தரச் சொல்லிக் கெஞ்சினாள். கல்லூரி மேலாளர் இரக்கப்பட்டு, "திங்கள் காலை பத்து மணி வரைக்கும் நிறுத்தி வைக்கேன். ஆனா ஏன் தாமதம்னு உங்க ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வரணும். அது இல்லாம சான்றிதழை மட்டும் கொண்டாந்தா சேத்துக்க முடியாது," என்றார். கேட்பது ஒன்று போய், இப்போது இரண்டு ஆனது.

நூலகத்துக்குப் பின்னால் கட்டட வேலை நடக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டு ஒரு செங்கல்லை வாங்கி, கழுவி, துணிப்பையில் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை போனேன்.

"கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், இதை வையுங்கள்," என்றேன்.

நாலு பேரும் செங்கல்லைச் சுற்றி நின்றார்கள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? பக்கத்துல இருக்கிறதை வைக்கச் சொன்னாங்க," என்றார் சங்கரநயினார். "இது பக்கத்துல இல்லையே."

"இப்போது பக்கத்தில்தானே இருக்கிறது?"

"இப்போ இருக்கு. அவங்க சொன்னப்போ இல்லை."

"அதுவும் போக, இது ஒரே மாதிரியே இருக்கும் சார்," என்றார் இசக்கியம்மாள். "பைல்னா கொஞ்சம் அமுங்கிக் குடுக்கும். வெயிட்டைப் பாத்து நடந்துக்கும்."

"கல்லுக்கு அந்தப் பக்குவம் வராது," என்று தவசிமுத்து ஒத்துக்கொண்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. உட்கார்ந்து புகார் எழுதினேன். யார் யார் என்ன செய்தார்கள், அது எந்த விதிக்கு முரண், அந்த விதி ஏன் வந்தது, அது வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எழுத முப்பத்தாறு பக்கம் ஆனது. குறைக்கச் சொன்னாள் எப்சிபா. மனசு வரவில்லை. இணைப்புகள் வேறு இருபது. சுவரில் ஒட்டியிருந்த டாக்டரின் அறிவுரைகளையும் விளக்கவுரையோடு சேர்த்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அதை ஜன்னலில் நீட்டினேன். நல்லவேளை, பீர்முகமது உட்கார்ந்திருந்த அரை மணி அது. வாங்கினார், முத்திரை குத்தினார், எண் போட்டார், கோப்பில் கட்டினார். கையில் வைத்துத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சார், இங்க வாங்க. இது எவ்வளவு தடிமன்னு பாருங்க."

ஸ்கேல் வந்தது. எப்சிபாவின் கோப்பு எவ்வளவோ அவ்வளவு, ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

"முடியாத பைலா?" என்று கேட்டார் சங்கரநயினார்.

"இப்பத்தான் வந்திருக்கு சார். யாரும் படிக்கவே இல்லை."

"பக்கத்துல இருக்கா?"

"கையிலேயே இருக்கு சார்."

தவசிமுத்து திரையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பிடித்தார். இசக்கியம்மாள் எப்சிபாவின் கோப்பை உருவினார். பீர்முகமது என் புகாரைச் செருகினார். திரை இறங்கி உட்கார்ந்தது. தவசிமுத்து ஏறி உட்கார்ந்து பார்த்து, "முன்னைக்கு இதுதான் நல்லா இருக்கு. அழுத்தமா எழுதியிருக்கியம்மா," என்றார்.

பதினைந்து நிமிஷத்தில் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

சங்கரநயினார் குனியக் கூடாது. ஆகவே சான்றிதழ் கண்ணுக்கு நேரே வர வேண்டும். பீர்முகமது அதை ஒரு அட்டையில் வைத்துத் தூக்கிப் பிடித்தார். அவர் தோள் தூக்குகிறது என்று இசக்கியம்மாள் கண்டுபிடித்தார். அவரை ஒரு ஸ்டூலில் ஏற்றினார்கள். கை தானாகத் தொங்கியது, அட்டை கண்ணுக்கு நேரே வந்தது. இப்போது சங்கரநயினாரின் கை மேலே போக வேண்டும். போனால் அவர் தோள் தூக்கும்.

"நீங்க தூக்காதீங்க சார்," என்றார் தவசிமுத்து. முழங்கைக்கு அடியில் கை கொடுத்து அவரே தூக்கினார்.

"தோள் தூக்குதே?" என்றார் சங்கரநயினார் சந்தேகமாக.

"தூக்குறது நான் சார். அதுக்கு எப்படித் தெரியும்?"

பேனா தாளில் பட்டது. முதல் எழுத்து விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. உடம்போடுதான் திரும்ப வேண்டும். சங்கரநயினார் முழு உடம்போடு திரும்பினார். அவர் கையைப் பிடித்திருந்த தவசிமுத்துவும் கூடவே திரும்பினார். பேனா மட்டும் எடுக்கப்படவில்லை. கையெழுத்தின் வால் தேதியைத் தாண்டி, முத்திரைக்கு விட்டிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு தாளின் ஓரத்தில் போய் நின்றது. எப்சிபா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு அதுவே போதும்.

"இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது," என்றேன். "ஏன் தாமதம் என்று எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் இந்தச் சான்றிதழை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்."

நாலு பேரும் ஒன்றுகூடி ஆலோசித்தார்கள்.

"தாமதம்னு எழுதலாமா?" என்றார் தவசிமுத்து. "தாமதம்னா சும்மா கிடந்ததுன்னு ஆகும். இது ஒரு நிமிஷம்கூடச் சும்மா கிடக்கலையே."

"வச்ச இடத்தை விட்டு நகரலை," என்றார் பீர்முகமது. "நாங்கூட அரை மணிக்கு ஒருக்க எழுந்து போனேன்."

"சனி, ஞாயிறும் இருந்துச்சு சார்," என்றார் இசக்கியம்மாள். "ஒரு நாள் லீவு கேக்கலை."

சங்கரநயினார் தலையசைக்க நினைத்து, ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு சொல்லச் சொல்ல இசக்கியம்மாள் தட்டச்சு செய்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு எப்சிபா கல்லூரியில் அந்தக் கடிதத்தைச் சான்றிதழோடு கொடுத்தாள். மேலாளர் இரண்டு தடவை படித்தாராம். படித்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினாராம். நகல் என்னிடம் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்:

"செல்வி எப்சிபா அவர்களின் விண்ணப்பம் சென்ற வெள்ளிக்கிழமை முற்பகல் முதல் இன்று வரை இவ்வலுவலகத்தில் இடைவிடாது பணியாற்றியது என்றும், மேற்படி காலத்தில் அதன் நடத்தையும் ஒழுக்கமும் மிகவும் திருப்திகரமாக இருந்தன என்றும், இன்று அது பணியிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டது என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது. தங்கள் கல்லூரியில் எந்தத் திரைக்கு அடியில் அது பணியில் சேர விரும்பினாலும் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை."