மேல் பொத்தான்

ஐம்பது வயதைத் தாண்டிப் பட்டாளத்து ஊதுகுழலான பியூகிளை ஊதக் கற்றுக்கொள்ளக் கிளம்பிய பலராமனைப் பார்த்து ஊரே சிரித்தது. சுபேதார் ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. பட்டாளத்தில் பியூகிள் ஊதி ஓய்வு பெற்றவர் அவர். "மூச்சு இருக்கு இல்ல? வா" என்று சேர்த்துக்கொண்டார்.

பலராமனுக்கு ஒரே ஆசைதான். பட்டாளத்துக்குப் போய்வந்து மறைந்துபோன ஊர்க்காரர்களுக்காக பஸ் நிலையத்துக்கு எதிரே கல் நடுகிறார்கள். அதைத் திறக்கும் நாளில் தானே ஊத வேண்டும். அந்தக் கல்லில் முதல் பெயர் அவன் அப்பாவுடையது, ஹவில்தார் முனிரத்தினம். அவருக்குக் கீழே நாயக்குகளும் சிப்பாய்களும். பதவி வாரியாகத்தான் எழுத வேண்டும் என்பது பட்டாளத்து முறை.

கல் கொத்துபவர் மறுநாள் வருவதாக இருந்தார். பலராமன் பெயர்களைச் சாக்பீஸால் எழுதி வைத்தான். அப்பாவின் பெயரை உச்சியில் எழுதினான்.

சாயங்காலம் ஒரு பெண் மஞ்சள் பையோடு வந்தாள். பைக்குள் பழைய போட்டோ ஒன்று.

"எங்க பெரியம்மா சுகிர்தம். மிலிட்டரி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அவங்க பேரும் வருமாண்ணா?"

சுகிர்தம்மாவைத் தெரியாதவர் யார்? பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஊருக்கே ஊசி போட்டவர். வாசலில் வேப்பமரம், உள்ளே டெட்டால் வாசனை, அழுது முடித்ததும் கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாய். அந்த நாட்களை நினைத்ததும் பலராமனுக்கு மனசு இளகிவிட்டது. போட்டோவை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டு, கல்லின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் 'நர்ஸ் சுகிர்தம்' என்று எழுதினான்.

சற்று நேரத்தில் ஏகாம்பரம் வந்தார்.

"வாத்தியாரே, ஊசி போடற அம்மா பேரையும் சேர்த்துட்டேன். துப்பாக்கி தூக்காதவங்களச் சேர்க்கறது சரியா?"

ஏகாம்பரம் கையை நீட்டினார். போட்டோவை வாங்கிப் பார்த்தார். அதைக் கல்லின்மேல் சாய்த்து வைத்தார். தன் பைக்குள்ளிருந்து பழைய பட்டாளத்துத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வளைந்திருந்த முதுகு எப்படித்தான் நிமிர்ந்ததோ, போட்டோவுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

அடித்த கை இறங்கவில்லை. நெற்றியோரம் அப்படியே நின்றது.

"கைய எறக்குங்க வாத்தியாரே."

"அவங்க இன்னும் பதிலுக்கு அடிக்கலையே."

"செத்துப்போனவங்க எப்படி அடிப்பாங்க?"

"மேலதிகாரி அடிக்காம நான் எப்படிப்பா எறக்கறது?"

"மேலதிகாரியா?"

"தோளப் பாரு."

பலராமன் குனிந்து பார்த்தான். வெள்ளைச் சீருடையின் தோளில் மூன்று நட்சத்திரங்கள். கேப்டன். இவ்வளவு நேரமும் அவன் பார்த்தது அந்தம்மாவின் முகத்தை மட்டும்தான்.

"இது யாருக்குமே தெரியாதே!"

"ஊசி போடறப்ப எந்த அம்மா இதையெல்லாம் சொல்லிட்டு இருப்பாங்க?"

பலராமன் கல்லின் உச்சியைப் பார்த்தான். கேப்டன் மேலே போனால் ஹவில்தார் கீழே இறங்க வேண்டும்.

"அப்போ எங்கப்பா..." அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் கை வைத்தான். "அவரு பேரு முதல்ல இருக்கணும்னுதான் வாத்தியாரே நான் இவ்ளோ அலைஞ்சேன்."

"தெரியும்" என்றார் ஏகாம்பரம். கை இன்னும் நெற்றியில்தான் இருந்தது. "உங்கப்பா அந்தம்மா வீட்டத் தாண்டி சைக்கிள்ல போய்ப் பாத்திருக்கியா?"

பலராமனுக்கு அந்தத் தெரு கண்முன் வந்தது. யார் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காத மனுஷன் அப்பா. வேப்பமரம் வந்ததும் இறங்குவார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். விறைப்பாக நடந்து, அந்த வீடு தாண்டிய பிறகுதான் மறுபடி ஏறுவார். அப்பாவுக்கு ஊசி என்றால் பயம் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"இல்ல வாத்தியாரே. எறங்கித் தள்ளிட்டுதான் போவாரு."

"அப்புறம் இன்னைக்கு மட்டும் அவர ஏன்பா சைக்கிள்ல ஏத்தி விட்டிருக்கே?"

பலராமன் கல்லின் முன் நிமிர்ந்து நின்றான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஈரத்துணியைக் கல்லின் உச்சிக்குக் கொண்டுபோனான்.