பலன் கருதாமல் கொம்பையாவைத் தூக்கியது

கள்ளிமேட்டுப்புதூரில் நாலு பேர் சேர்ந்து தத்துவ விசாரணை சபை என்று ஒன்று வைத்திருந்தார்கள். கடவுள், அறிவு, தர்மம், இந்த மூன்றையும் தவிர வேறு பேச்சே கிடையாது. மற்ற விஷயங்களை எல்லாம் அவர்களுடைய பெண்டாட்டிகள் பார்த்துக்கொண்டதால் நாலு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

சபைத் தலைவர் கொம்பையா. ஆள் குள்ளம், குரல் மட்டும் அடுத்த ஊருக்குக் கேட்கும். மற்ற மூவர் மாசானம், நம்பிராசன், வெள்ளத்துரை. ஆரம்பத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் யார் சொன்னதும் யாருக்கும் விளங்கவில்லை. உடனே கொம்பையா ஒரு சட்டம் போட்டார். தன் வீட்டு அகப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். நாலு பேரும் அகப்பை பிடித்துப் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் எந்தக் காரியத்தையும் செய்ய வேண்டும். அன்றிலிருந்து அவர் மனைவி ஆவுடையம்மாள் குழம்பை டம்ளரால் மொண்டு ஊற்றினாள்.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த சாமியார் ஒருவர் காலில் நாலு பேரும் விழுந்து உபதேசம் கேட்டார்கள். பஸ் வேறு வந்துவிட்டது. சாமியார் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே, "கடவுள் எங்கும் இருக்கிறார். கண்ணால் கண்டதுதான் அறிவு. பலனை எதிர்பார்க்காமல் உதவுவதுதான் தர்மம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு இவர்களைத் தெரியாது.

மறுநாள் காலையில் கொம்பையாவின் தோட்டத்துக் கிணற்றடியில் சபை கூடியது.

"எங்கும்னா, இந்தக் கிணத்துக்குள்ளயும் இருப்பாரோ?" என்றார் மாசானம்.

"இருக்காரா இல்லையான்னு பாத்துட்டாப் போச்சு" என்று கொம்பையா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தரிசனம் கிடைக்கப் போகிறதே என்று மற்ற மூவரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள். தொபீர் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் தலைவரைக் காணோம்.

"ஏலேய், உள்ள கிடக்கேன்! நீச்சல் தெரியாதுடா, தூக்குங்க!"

கிணற்றுக்குள் ஒரு கல்லின் மேல் கால் கட்டைவிரலை ஊன்றி நின்றிருந்தார் கொம்பையா. தண்ணீர் தாடை வரை இருந்தது.

மாசானம் கையில் அகப்பையை எடுத்தார். "சத்தம் கேக்கு. ஆனா அவரு விழுந்ததை நாம யாரும் கண்ணால காணலையே. இது அறிவுல சேருமா?"

நம்பிராசன் அகப்பையை வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "தலை தெரியுது. தலைக்குக் கீழ மிச்சக் கொம்பையா இருக்காரான்னு எப்படிச் சொல்ல?"

கொம்பையா நியாயம் தெரிந்தவர். ஒரு காலைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே காட்டினார். அதில் வழுக்கி நாலு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஒரு கால் இருப்பதாகச் சபை ஒத்துக்கொண்டது.

"கடவுள்தான் அங்க துணைக்கு இருக்காரே, பிறகு ஏன் கத்துதாரு?" என்றார் அகப்பை கைக்கு வந்த வெள்ளத்துரை.

"கடவுளுக்கு நீச்சல் தெரியும்வே. இவருக்குத் தெரியாதுல்லா" என்றார் அதைத் திரும்ப வாங்கிய நம்பிராசன்.

அப்போதுதான் மாசானம் ஒரு பெரிய தவறைக் கவனித்தார். கொம்பையா இவ்வளவு நேரமும் அகப்பை இல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறார்! அது கணக்கில் சேராது. பக்கத்தில் நின்ற கொம்பையாவின் பசுவை அவிழ்த்து, அந்தக் கயிற்றில் அகப்பையைக் கட்டி உள்ளே இறக்கினார்கள். கொம்பையா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னைத் தூக்கணும்! இது என் கருத்து!" என்று முழங்கினார்.

மேலே ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது, அகப்பை கீழே இருக்கிறது. சட்டம் போட்டவருக்கு அது தெரியாதா? "மத்த மூணு பேரும் பேசணும்லா" என்று சொல்லி, கயிற்றை விட்டார். அகப்பை பத்திரமாக மேலே வந்து சேர்ந்து, மறுபடியும் கைக்குக் கை மாறத் தொடங்கியது.

"தூக்கலாம்" என்றார் நம்பிராசன். "ஆனா பலனை எதிர்பாக்காமத் தூக்கணும். மாசானம், அவரு மேல வரணும்னு உமக்கு ஆசை இருக்கா?"

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இருக்குவே. சின்ன வயசுல இருந்து கூட்டுக்காரன்லா."

"அப்ப நீரு கயித்தைத் தொடாதேயும். வெள்ளத்துரை?"

"எனக்கு ஆசை இல்லை. ஆனா இழுத்தா வருவாருன்னு தோணுது."

"அதுவும் எதிர்பார்ப்புதான். எனக்கு அது கூட இல்லை. தூக்கினா புண்ணியம் கிடைக்கும், அவ்வளவுதான்."

"புண்ணியமும் பலன்தானவே!" என்றார் மாசானம். நம்பிராசன் வெட்கப்பட்டுக் கையிலிருந்த கயிற்றைத் தரையில் போட்டார்.

"மனசைச் சுத்தம் பண்ணுங்கவே, நான் நிக்கேன்" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. பல் கிட்டிப்போய், குரல் முன்போல அடுத்த ஊருக்குக் கேட்கவில்லை.

மூவரும் மனதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஆவுடையம்மாள் கஞ்சித் தூக்குடன் வந்தாள். எட்டிப் பார்த்தாள். கஞ்சித் தூக்கைக் கீழே போட்டாள். கயிற்றின் ஒரு முனையைப் பசுவின் கழுத்தில் கட்டி, மறுமுனையை உள்ளே வீசி, "பிடியும்!" என்று அலறினாள். பசுவும் அவளும் இழுத்த இழுப்பில் கொம்பையா மேலே வந்து விழுந்தார். அவர் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவள் ஓவென்று அழுதாள்.

மாசானம் அகப்பையோடு பக்கத்தில் வந்தார். "தாயி, இழுக்கும்போது இவரு மேல வரணும்னு நினைச்சியா?"

"நினைக்காம? எம் புருசன்லா அண்ணாச்சி! செத்துப்போவாரோன்னு ஈரக்குலையே நடுங்கிட்டு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலன் முழுக்க முழுக்க எதிர்பார்க்கப்பட்டிருக்கிறது. இது தர்மமே இல்லை.

அகப்பை வரிசையாகக் கை மாறிக் கடைசியில் கொம்பையாவிடம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நடந்த காரியத்தை முதல்லேருந்து சரியாச் செய்யணும்" என்றார். பிறகு அகப்பையை மாசானத்திடம் கொடுத்துவிட்டு, அதே கல்லைக் குறிபார்த்துக் கிணற்றுக்குள் குதித்தார்.

ஆவுடையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "நான் இழுத்துப் போட்டா திரும்பவும் குதிப்பாரு, பிடிச்சு வைக்க எங்க அண்ணன்மாரைக் கூட்டியாரேன். அவங்களுக்கு ஒரு தத்துவமும் தெரியாது. கயித்தை உங்ககிட்ட விட்டா அதையும் உள்ள போட்டுருவீங்க" என்று சொல்லி, பசுவையும் கயிற்றையும் ஓட்டிக்கொண்டு ஓடினாள்.

"கயிறு போச்சே!" என்று அகப்பையை வாங்கிச் சொன்னார் வெள்ளத்துரை.

அகப்பையை வாங்கிய நம்பிராசன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஞானம் தெரிந்தது. "போனது நல்லதுக்குத்தான்வே. கயிறு இருந்தா ஆளு வருவாருன்னு நினைப்பு வரும். கயிறே இல்லாட்டி எதை எதிர்பாக்க?"

மூவரும் கிணற்று மேட்டில் வரிசையாக நின்று, காலை ஊன்றி, வெறுங்கையால் ஐலசா போட்டு இழுத்தார்கள். வேர்த்து ஊற்றியது. ஒருவர் மனதிலும் ஒரு எதிர்பார்ப்பும் இல்லை.

கிணற்றுக்குள்ளிருந்து கொம்பையாவின் குரல் ஆனந்தமாக எழுந்தது. "சபாஷ்வே! இதுதான் தர்மம்! நான் ஒரு அங்குலம் கூட மேல வரலை!"